குபேரன் தராசும் ஒரு பிடி அருகம்புல்லும்

வங்கிப் பணியில் 36 ஆண்டுகள் கழித்தவன் நான். அவற்றுள் பெரும்பகுதி நகைக்கடன் மேசையில் கழிந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த தராசும், அதன் எதிரே மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற மனிதர்களின் முகங்களும் இன்றும் என் நினைவில் உள்ளன. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, எத்தனை கிராம் காட்டுகிறது என்று எட்டிப் பார்க்கும் ஒரு தாயின் கண்களைக் கண்டவனுக்கு, எடை என்பது வெறும் எண் அன்று என்பது விளங்கும்.

அதனால்தானோ என்னவோ, விநாயகர் புராணத்தில் வரும் கவுண்டின்ய முனிவரின் கதை, சிறு வயதில் கேட்டபோது தராத சுவையை ஓய்வு பெற்ற பின்பு எனக்குத் தந்தது. முனிவர் நாள்தோறும் அருகம்புல்லால் விநாயகரை அர்ச்சித்து வந்தார். 'பொன்னும் மலரும் இருக்க, இந்தப் புல்லுக்கு என்ன பெருமை?' என்று அவர் மனைவியார் ஐயுற்றார். முனிவர் ஒரே ஓர் அருகை எடுத்துக் கொடுத்து, 'இதன் எடைக்கு எடை பொன் பெற்று வா' என்று இந்திரனிடம் அனுப்பினார். இந்திரன் குபேரனிடம் அனுப்பினான். குபேரன் ஒரு தட்டில் அருகை வைத்து மறு தட்டில் பொன்னைக் குவித்தான். தட்டு அசையவில்லை. கருவூலம் முழுவதையும் வைத்தும் அருகு இருந்த தட்டே தாழ்ந்து நின்றது என்கிறது கதை.

முனிவர் எடுத்துக் கொடுத்த அருகு, அவர் ஆசிரமத்து மண்ணில், அவர் கண்ணெதிரே தழைத்ததாக இருந்திருக்கும். நாம் இன்று கடைத்தெருவில் வாங்கிச் சாத்தும் அருகு எங்கே முளைத்தது? நம் வீட்டுத் திருநந்தவனத்துக்கு உரிய செடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவரும் இத்தொடரில், இந்த வாரம் அருகம்புல்லைப் பற்றி எழுத நேர்ந்ததற்கு அந்தக் கேள்வியே காரணம்.

ஒரு சதுர்த்தி நாளில்

நான் குடியிருப்பது புதுச்சேரி கருவடிக்குப்பத்தில். 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த மகாகவி பாரதியார் போற்றிய சித்தானந்த சுவாமிகளின் திருக்கோயில் எங்கள் ஊரில்தான் உள்ளது. அவருடைய குயில் பாட்டுக்குக் களமாக அமைந்த மாந்தோப்பும் இப்பகுதியைச் சேர்ந்ததே என்பர். தோப்புகள் இருந்த இடங்களில் இன்று தெருக்கள். தெருக்களின் இரு விளிம்புகளிலும் சிமென்டுத் தளம்.

சங்கடஹர சதுர்த்திதோறும் மணக்குள விநாயகரைத் தரிசிப்பது எங்கள் குடும்ப வழக்கம். அதற்கான அருகம்புல்லை எங்கள் பகுதிக் கடைத்தெருவில், நடைபாதையில் கோணி விரித்து அமர்ந்திருக்கும் ஒரு மூதாட்டியிடம் வாங்குவோம். கட்டு பத்து ரூபாய். பசுமையாக, நீண்டு, கண்ணுக்கு நிறைவாக இருக்கும். நான் ஓய்வு பெற்ற மறு ஆண்டு, 2018இல், உறவினர் ஒருவர் சொற்கேட்டு என் மனைவி அருகம்புல் சாறு பருகத் தொடங்கினாள். அதே மூதாட்டியிடம் அன்றாடம் ஒரு கட்டு வாங்கி, பாதியைப் பூஜைக்கு வைத்து, மீதியைப் பச்சையாக அரைத்து வடிகட்டிக் குடித்து வந்தாள்.

ஒரு மாதம் கடந்திருக்கும். ஓர் இரவு வாந்தியும் பேதியும் கண்டு அவள் துவண்டு போனாள். நான்கு நாட்கள் மருத்துவமனையில் இருக்க வேண்டியதாயிற்று. 'பச்சையாக ஏதேனும் உட்கொண்டீர்களா?' என்று கேட்ட மருத்துவர், புல்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல இயலாது என்றும், ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தெரியாத இலையைப் பச்சையாக அரைத்துக் குடிப்பது நல்லதன்று என்றும் கூறினார்.

அவள் வீடு திரும்பிய பின், ஒரு விடியற்காலையில் மூதாட்டியைத் தேடிச் சென்றேன். "எங்கம்மா அறுக்கிறீங்க?" என்று கேட்டதற்கு, ஒளிவு மறைவு இல்லாமல் என்னை அழைத்துச் சென்று காட்டினார். கழிவுநீர் வாய்க்காலின் கரை அது. கறுத்த நீர் தேங்கி நின்றது. அதன் ஓரத்தில் அருகு, பாய் விரித்தாற்போல் செழித்திருந்தது. மூதாட்டி கருக்கரிவாளுடன் குந்தி அமர்ந்து அறுக்கலானார்.

"எல்லா எடத்துலயும் சிமென்ட்டு போட்டுட்டாங்க ஐயா. காலி மனையில மருந்து அடிச்சுப் புல்லெல்லாம் கருகிப்போச்சு. இங்கதான் பசேல்னு கெடக்கு. நான் நல்லா அலசித்தான் கட்டறேன்."

"எதுல அலசறீங்கம்மா?"

அவர் வாய்க்காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை. எனக்கும் மேற்கொண்டு கேட்க வாய் எழவில்லை. அறுபது வயதைத் தாண்டிய நான் அத்தனை ஆண்டுகளாக வாங்கினேனே ஒழிய, ஒரு நாளும் கேட்கவில்லையே என்ற எண்ணந்தான் மேலோங்கி நின்றது.

கழுவினால் போகாதது

இங்கே ஒன்றை அன்பர்கள் அறிந்துகொள்ள வேண்டும். அருகம்புல் எதையும் தாங்கும் புல். உப்பு நீரைத் தாங்கும், வறட்சியைத் தாங்கும், ஈயம், துத்தநாகம் போன்ற உலோகங்கள் கலந்த கழிவு மண்ணையும் தாங்கி வளரும். அவ்வாறு வளரும்போது அந்த உலோகங்களில் ஒரு பகுதியைத் தன் வேரிலும் இலையிலும் ஏற்றுக்கொள்ளும். சுரங்கக் கழிவும் ஆலைக் கழிவும் கொட்டிக் கெட்டுப்போன நிலத்தைச் சீர்திருத்த விஞ்ஞானிகள் இப்புல்லைப் பயன்படுத்திப் பார்ப்பது இந்த இயல்பினால்தான்.

இலையின்மேல் ஒட்டிய அழுக்கு, கழுவினால் போகும். நோய்க்கிருமிகள், கொதிக்க வைத்தால் மடியும். இலைக்குள் ஏறிவிட்ட உலோகம், கழுவினாலும் போகாது, கொதித்தாலும் போகாது. ஆகவே, அருகின் தூய்மை நம் சமையலறையில் தொடங்குவதில்லை. அது முளைக்கும் மண்ணில் தொடங்குகிறது. இறைவனுக்குச் சாத்துவதானாலும், பிரசாதமாக நாம் வாயில் இடுவதானாலும் இதுவே உண்மை.

எனவே வீட்டிலேயே வளர்ப்பது என்று முடிவு செய்தேன். யாரும் விதைக்காமலே தெருவோரத்தில் முளைக்கும் புல்தானே, இதற்கு என்ன பெரிய சிரமம் என்று நினைத்தேன். அந்த நினைப்பை அருகம்புல் மூன்றே வாரத்தில் திருத்திவிட்டது.

நிழலில் கண்ட தோல்வி

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மாமரம் உண்டு. வெயில் படாமல் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று அதன் அடியில் தொட்டியை வைத்து நட்டேன். நாள்தோறும் இருவேளை நீர் ஊற்றினேன். முதல் வாரம் துளிர்த்தது. இரண்டாம் வாரம் தண்டு மெலிந்து நீண்டது, இலை வெளிறியது. மூன்றாம் வாரம் அழுகிப் படுத்துவிட்டது. அன்பு மிகுந்து அழித்தேன் என்றே சொல்ல வேண்டும்.

பிறகு வேளாண்மை படித்த நண்பர் ஒருவர் விளக்கினார். கரும்பு, சோளம், கேழ்வரகு ஆகியவற்றைப் போல அருகும் கடும் வெயிலில் உணவு சமைக்கும் இனத்தைச் சேர்ந்தது. நெல் போன்ற பயிர்கள் வாடும் வெப்பத்திலும் இது குறைந்த நீரைக்கொண்டு நிறைய வளரும். ஆனால் நிழலை மட்டும் தாங்காது. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படாத இடத்தில் அருகு நிலைக்காது. அனலாசுரனை விழுங்கிய விநாயகரின் திருமேனி வெப்பத்தைத் தணிக்க முனிவர்கள் சாத்திய குளிர்ச்சிப் பொருள் இது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். குளிர்ச்சியைத் தரும் அந்தப் புல், தான் மட்டும் நாள் முழுதும் வெயிலில் நிற்க விரும்புகிறது!

நடும் முறை

அருகை விதையிலிருந்து வளர்க்க வேண்டியதில்லை. தூய்மையான இடத்தில், வயல் வரப்பிலோ நண்பர் வீட்டுத் தோட்டத்திலோ, வளர்ந்த செடியிலிருந்து மண்மேல் படரும் ஓடுதண்டு ஒரு கைப்பிடி கிடைத்தால் போதும். மூன்று நான்கு கணுக்கள் உள்ளவாறு அரைச் சாண் நீளத் துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கணுவும் ஒரு தனிச் செடியாகக் கூடியது.

நறுக்குமுன் அது அருகுதானா என்று பார்த்துக்கொள்வது அவசியம். தண்டு உருண்டையாகவோ சற்றுத் தட்டையாகவோ இருக்கும். கணுவுக்குக் கணு வேர் விடும். இலை குறுகி, முனை கூர்ந்திருக்கும். இலை தண்டைச் சேரும் இடத்தில் மெல்லிய வெண்மயிர் காணப்படும். பூக்கும்போது ஒரே புள்ளியிலிருந்து விரல்கள் போல மூன்று முதல் ஏழு வரை மெல்லிய கதிர்கள் விரியும். தண்டு முக்கோணமாக இருந்தால் அது கோரை, விலக்கிவிடுங்கள். தர்ப்பையும் வேறு, அது குத்தாக உயர்ந்து வளரும், அருகுபோல் படராது.

தொட்டி ஆழத்தைவிட அகலம் மிகுந்ததாக இருக்கட்டும். ஒன்றரை அடி அகலம், ஓர் அடி ஆழம் போதும். அடியில் நீர் வடியத் துளைகள் இருக்க வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மட்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். துண்டுகளை நான்கு விரற்கடை இடைவெளியில் படுக்கவைத்து, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள்ளும் நுனி வெளியிலும் இருக்குமாறு மூடி, கையால் மெல்ல அழுத்துங்கள். குனிய இயலாதவர்கள் தொட்டியைத் திண்ணைமேல் வைத்துக்கொண்டு, நாற்காலியில் அமர்ந்தே இவ்வளவையும் செய்யலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

நிலத்தில் நடுவதானால் ஓர் எச்சரிக்கை. பூஜையறையில் புனிதமான இதே புல், உழவருக்குத் தீராத தலைவலி. 1977இல் வெளிவந்த, உலகின் மிக மோசமான களைகளைப் பற்றிய புகழ்பெற்ற நூலில் கோரைக்கு முதலிடம், அருகுக்கு இரண்டாமிடம். மண்ணுக்குள் ஓடும் அதன் தண்டில் ஒரு துண்டு தங்கினாலும் மீண்டும் முளைக்கும். ஆகவே நட்ட இடத்தைச் சுற்றி ஓர் அடி ஆழத்துக்குச் செங்கல்லைப் புதைத்து எல்லை கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டாருடன் உறவு கெடும்.

நீரும் உணவும்

முதல் இரண்டு வாரங்கள் மண் காயாமல் நாள்தோறும் நீர் தெளிக்க வேண்டும். வேர் பிடித்த பின்பு இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அன்றாடம் சிறிது தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும். நாள் இடைவெளி விட்டு, மண் நன்றாக நனையுமாறு ஊற்றினால் நீரைத் தேடி வேர் ஆழச் செல்லும். தொட்டிக்கு மூன்று நாட்களுக்கு ஒருமுறையும், நிலத்துக்கு வாரம் ஒருமுறையும் போதும். கத்திரி வெயிலில் தொட்டிக்கு மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றுங்கள். அபிஷேகம் செய்த நீரையும் ஊற்றலாம். பால், தயிர், தேன் கலந்ததானால் வேண்டாம், எறும்பு மொய்க்கும்.

மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடி மட்கிய தொழு உரத்தையோ மண்புழு உரத்தையோ தூவினால் போதும். இலை மஞ்சளித்தால் பெரும்பாலும் வெயில் குறைவோ உரக் குறைவோதான் காரணம். பச்சைச் சாணத்தை இட வேண்டாம், கிருமி சேரும். களைக்கொல்லியோ பூச்சி மருந்தோ இந்தத் தொட்டியின் அருகிலும் வரக்கூடாது. மாவுப்பூச்சி கண்டால் அந்தப் பகுதியை ஒட்ட நறுக்கி எறிந்துவிடுங்கள், புதிதாகத் துளிர்க்கும்.

வட்டியும் அசலும்

இனி அறுப்பது பற்றி. இதில்தான் பலர் தவறுகிறார்கள். அருகைப் பிடுங்கக்கூடாது. கத்தரிக்கோலால் நறுக்க வேண்டும். அடியில் இரண்டு அங்குலம் எப்போதும் இருக்க வேண்டும். ஒரே தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கலாகாது.

வங்கிக்காரனுக்கு இதைச் சொல்ல ஓர் எளிய வழி உண்டு. மண்ணை ஒட்டியிருக்கும் தண்டும் வேரும் அசல். மேலே வளரும் நுனித்தளிர் வட்டி. வட்டியை எடுத்துச் செலவிடுங்கள்; அசலைத் தொடாதீர்கள். அசலில் கைவைத்த நிரந்தர வைப்பு நிலைத்ததை நான் கண்டதில்லை.

நறுக்கிய புல் வெயில் காலத்தில் இரண்டு வாரத்தில் மீண்டும் வளர்ந்துவிடும். மார்கழி, தை மாதங்களில் சற்றுத் தாமதிக்கும். மாதத்துக்கு வளர்பிறையில் ஒன்றும் தேய்பிறையில் ஒன்றுமாக இரண்டு சதுர்த்திகள் வருகின்றன. இரண்டு தொட்டிகள் வைத்து மாற்றி மாற்றி நறுக்கினால், ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு மாத ஓய்வு கிடைக்கும். பூவிடாத இளநுனிகளாகத் தேர்ந்து, இரண்டிரண்டாக 21 நாமங்களுக்குச் சாத்த ஒரு தொட்டி தாராளமாகப் போதும். பெரிய மாலைக்குப் போதாது. அதனால் குறையில்லை, கவுண்டின்யர் கொடுத்தனுப்பியது ஒரே ஓர் அருகுதான்.

வறட்சியும் வெள்ளமும்

2019 கோடையில், மருமகளின் பிரசவத்துக்காக நாங்கள் இருவரும் பெங்களூரு சென்றோம். ஆறு வாரம் வீடு பூட்டியிருந்தது. சித்திரை, வைகாசி வெயில். திரும்பி வந்தபோது கொல்லையில் பசுமை என்று சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு தொட்டிகளிலும், நிலத்தில் நட்டிருந்த பாத்தியிலும் அருகு வைக்கோலாகக் கிடந்தது.

"ஏங்க, எல்லாம் போச்சே. வாரிப் போட்டுடட்டுமா?" என்று கேட்டாள் மனைவி.

ஒரு வாரம் பார்க்கலாம் என்று நீர் ஊற்றினேன். ஏழாம் நாள் பாத்தியில், காய்ந்த தண்டின் கணுக்களில் ஊசிமுனை போலப் பச்சை தெரிந்தது. மூன்று வாரத்தில் பாத்தி முழுதும் தழைத்தது. தொட்டிகளில் ஒன்று பாதி பிழைத்தது, மற்றொன்று மடிந்தது. தொட்டியில் வேர் செல்ல ஆழமில்லை, நிலத்தில் இருந்தது. நீரற்ற காலத்தில் இப்புல் இலையை உதிர்த்துவிட்டு, உயிரை மண்ணுக்குள் ஓடும் தண்டில் ஒடுக்கிக்கொண்டு உறங்குகிறது. வெளியே காய்ந்திருப்பது கண்டு அது இறந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதலாகாது. மணமக்களை 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி' என்று பெரியோர் வாழ்த்துவதன் பொருளை, எத்தனையோ திருமணங்களில் அட்சதை தூவிய நான், அன்று அந்தக் கொல்லையில்தான் உணர்ந்தேன். தழைப்பதற்கு ஆலைச் சொன்ன முன்னோர், வேருக்கு இந்தச் சிறு புல்லைச் சொன்னார்கள்.

வறட்சிக்கு நேர்மாறான சோதனை 2024இல் வந்தது. நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் எங்கள் கடற்கரைக்கு அருகே கரை கடந்தது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு நீர். கொல்லையில் இரண்டு நாட்கள் பாத்தி மூழ்கிக் கிடந்தது. துளசி போயிற்று, செம்பருத்தி சாய்ந்தது. அருகு, வண்டல் படிந்து நீரிலிருந்து வெளிவந்தபோது உயிருடன் இருந்தது.

அன்று மகிழ்ந்தாலும், வாய்க்கால் கரையில் கற்ற பாடத்தை மறக்கவில்லை. தெருவெள்ளத்தில் கழிவுநீரும் கலந்திருக்கும். ஆகவே பாத்தியை நல்ல நீரால் அலசி, மேல்மண்ணில் படிந்த சேற்றை வழித்தெடுத்து, புல்லை நறுக்கி எறிந்தேன். அடுத்து வளர்ந்ததையும் எறிந்தேன். மூன்றாம் முறை தழைத்ததைத்தான் பூஜைக்கு எடுத்தேன். அதுவரை திண்ணைமேல் இருந்த தொட்டி கைகொடுத்தது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஒரு தொட்டியையாவது உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சாறு பருகும் அன்பர்களுக்கு

அருகம்புல் சாற்றை மருந்தாக நம் முன்னோர் பயன்படுத்தியது உண்மை. அதனாலேயே அது எல்லார்க்கும் எந்நாளும் ஏற்றது என்றாகிவிடாது. விலங்குகளிடம் செய்யப்பட்ட சில ஆய்வுகளில் இச்சாறு இரத்தச் சர்க்கரையைக் குறைத்திருக்கிறது. ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை உண்பவர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். பச்சிலைகளில் உள்ள வைட்டமின் கே, இரத்தம் உறையாமைக்காகத் தரப்படும் சில மாத்திரைகளின் செயலைக் குறைக்கும். இதய அறுவை செய்துகொண்டோர், சிறுநீரக நோயுள்ளோர் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். நம் வயதில் கேட்பதில் வெட்கமில்லை. என் மனைவி சாற்றை நிறுத்திவிட்டாள். அர்ச்சனைக்குப் பின் ஓர் அருகைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதோடு சரி.

மூதாட்டியின் பாத்தி

கடைசியாக அந்த மூதாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் புல் வளர்ந்துவிட்டது. இனி அவரிடம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் அவர் இன்னும் அந்த வாய்க்கால் கரையில்தான் அறுத்துக்கொண்டிருந்தார். நான் வாங்காத கட்டை வேறொருவர் வாங்கிப் பிள்ளையாருக்குச் சாத்தினார், அல்லது அரைத்துக் குடித்தார். என் வீட்டுத் தொட்டி என் மனச்சுமையை இறக்கவில்லை.

எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்புறம், மதிலை ஒட்டிப் பத்தடிக்கு எட்டடி காலி இடம் இருந்தது. பழைய சாரக்கம்புகள் கிடந்த இடம். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்களிடம் பேசி, அதைத் துப்புரவு செய்து, என் பாத்தியிலிருந்து தண்டு கொடுத்து மூதாட்டியை நடச் சொன்னேன். முதலில் அவர் சிரித்தார். "புல்லை யாராச்சும் நடுவாங்களா ஐயா? அது தானா வர்றதாச்சே" என்றார். வட்டி, அசல் கணக்கை அவருக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு, "வேரோட புடுங்காம மேலால அறுத்தா மறுபடி வரும்னு எனக்குத் தெரியாதா? அந்த எடம் நம்ம எடமா இருந்தா நானும் அப்படித்தான் அறுப்பேன்" என்றார். முப்பத்தாறு ஆண்டு வங்கி அனுபவத்தில் யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகப் பதில் சொன்னதில்லை.

அந்த எண்பது சதுர அடி அவருடைய தொழில் முழுவதையும் தாங்கிவிடவில்லை. விநாயக சதுர்த்திக்கு அவர் கிராமத்து வரப்புகளுக்குச் சென்றுதான் அறுத்து வருகிறார். ஆனால் சங்கடஹர சதுர்த்திக்கு அவர் கோணியில் இருப்பது கோயில் மதிலோரப் புல். வாய்க்கால் பக்கம் இப்போது போவதில்லை என்கிறார். நான் வீட்டில் இருந்தும் மாதம் ஒரு கட்டு அவரிடம் வாங்குகிறேன். குழாயடியில் அலசி, வாழைநாரால் கட்டித் தருகிறார்.

அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த சதுர்த்திக்கு அருகு வாங்கும்போது, 'எங்கே அறுத்தது?' என்று மரியாதையாக ஒரு வார்த்தை கேளுங்கள். பழிப்பதற்காக அன்று, தெரிந்துகொள்வதற்காக. உங்கள் கோயிலுக்குப் பின்னால் வெயில் படும் துண்டு நிலம் ஒன்று சும்மா கிடந்தால், அதை நிர்வாகத்தாரிடம் எடுத்துச் சொல்லுங்கள். மாடியிலோ திண்ணையிலோ ஒரு தொட்டி வையுங்கள். நட்ட ஆறாவது வாரம் உங்கள் கையால் நறுக்கிய முதற்பிடி அருகைப் பிள்ளையாருக்குச் சாத்திவிடலாம். அதன் எடையை அவர் அறிவார்.

அடுத்த வாரம், வில்வக் கன்றைத் தொட்டியில் வளர்க்கலாமா என்று கேட்டு எழுதியிருக்கும் அன்பருக்கு விடை காண்போம்.